பழைய எலக்ட்ரானிக் செட்டுக்கு உதிரிபாகம் தேடிப் பிடிப்பது எப்படி

பழைய டேப் டெக், ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர் எது பழுதானாலும் பலரும் செட்டின் பிராண்டையும் மாடலையும் சொல்லித்தான் ஸ்பேர் தேடுகிறார்கள். "இந்த மாடலுக்கெல்லாம் இப்போ எதுவும் வர்றதில்லை" என்ற பதிலோடு தேடல் முடிந்துவிடுகிறது. கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் உள்ளே இருக்கும் பாகங்களில் பெரும்பாலானவை அந்தக் கம்பெனி செய்தவையே அல்ல. கெப்பாசிட்டர் ஒரு தொழிற்சாலையில் வந்தது, மோட்டார் இன்னொன்றில், லேசர் லென்ஸ் வேறொன்றில். அதே பாகம் வேறு பத்து பிராண்டு செட்களிலும் உட்கார்ந்திருக்கும். எனவே செட்டின் பெயரை மறந்துவிட்டு, பாகத்தின் எண், அளவு, மின் மதிப்பு ஆகிய மூன்றையும் வைத்துத் தேடுங்கள்.

மூடியைத் திறக்கும் முன் ஓர் எச்சரிக்கை. 230 வோல்ட் இணைப்பில் ஓடும் ஸ்விட்ச் மோடு பவர் சப்ளையின் (மெயின்ஸை நேரடியாக டிசியாக்கி, வேகமாக ஸ்விட்ச் செய்யும் வகை) பெரிய கெப்பாசிட்டரில், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகத்தில், சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சில நேரம் அப்படியே இருக்கும். 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த பிடியோடு கெப்பாசிட்டரின் இரு முனையிலும் சில விநாடிகள் வைத்து எடுங்கள். பிறகு மீட்டரில் அளந்து, வோல்டேஜ் இறங்கிவிட்டதை உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்ய வேண்டாம், போர்டின் காப்பர் தடமே எரிந்து போகும். பிக்சர் டியூப் டிவியின் ஆனோட் தொப்பிக்குக் கீழே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அதில் கை வைக்கவே கூடாது.

முதலில் சர்வீஸ் மேனுவல்

செட்டோடு வந்த கையேடு இதற்கு உதவாது. சர்வீஸ் மேனுவலில்தான் சர்க்யூட் படமும், பாகங்களைப் பிரித்துக் காட்டும் படமும், ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி கொடுத்த எண்ணும் இருக்கும். ஹைஃபை எஞ்சின், எலெக்ட்ரோடான்யா, இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகிய தளங்களில் பழைய செட்களின் சர்வீஸ் மேனுவல்கள் ஏராளமாக இருக்கின்றன.

மாடல் எண்ணை முன்பக்க எழுத்தைப் பார்த்து எழுதாதீர்கள். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ளதைக் கடைசி எழுத்து வரை எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் ஓர் எழுத்து, எந்த நாட்டுக்கான செட், எந்த பவர் சப்ளை என்பதையே மாற்றிவிடும்.

மேனுவலின் அட்டையை நன்றாகப் பாருங்கள். பல மேனுவல்கள் ஒரே நேரத்தில் மூன்று நான்கு மாடல்களுக்கானவை. அந்த மாடல்களுக்குள் முகப்பும் சில வசதிகளும்தான் மாறும், உள்ளே மெக்கானிசமும் பவர் போர்டும் ஒன்றாகவே இருக்கும். உங்கள் மாடல் எண்ணைப் போட்டுக் கிடைக்காத கியர், அதன் உடன்பிறந்த மாடலின் எண்ணைப் போட்டதும் கிடைத்துவிடுவதுண்டு. கம்பெனியின் பாக எண்ணையும் தனியாகத் தேடிப் பாருங்கள், கோடுகளோடு ஒருமுறை, கோடில்லாமல் ஒருமுறை. பழைய எண்ணுக்குப் பதிலாகப் புது எண் வந்திருந்தால் விற்பவர்களின் பட்டியலில் அதுவும் தெரியவரும்.

பாகப் பட்டியலில் சில எண்களுக்குப் பக்கத்தில் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டிருப்பார்கள். அவை பாதுகாப்புக்கான பாகங்கள். அவற்றில் "கிட்டத்தட்ட அதே மாதிரி" என்ற பேச்சுக்கே இடமில்லை, அதே தரத்தில்தான் போட வேண்டும்.

பெல்ட்: அளவு தெரிந்தால் போதும்

டேப் டெக், விசிஆர், சிடி டிரே ஆகியவற்றில் முதலில் போவது ரப்பர்தான். பெல்ட்டுக்கு மாடல் எண் தேவையே இல்லை. உள்சுற்றளவு, குறுக்குவெட்டின் வடிவம் (சதுரம், தட்டை, உருண்டை), தடிமன் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும்.

பழைய பெல்ட் முழுசாக இருந்தால் அதை அளக்கலாம். ஆனால் அது நீண்டுபோன பெல்ட் என்பதால் அதே அளவில் வாங்கினால் புதிதும் தொளதொளவென்றுதான் இருக்கும். அளந்ததில் 5 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் கரிய பசையாக உருகிவிட்டதா? ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் புல்லிகளைத் துடைத்து எடுங்கள். அந்தக் கறை துணியில் பட்டால் போகாது, கையுறை போட்டுக்கொள்வது நல்லது. பிறகு நீளாத பருத்தி நூலை பெல்ட் ஓடும் வழியிலேயே எல்லாப் புல்லியையும் சுற்றிக் கொண்டுவந்து, இரு முனையும் சேரும் இடத்தில் பேனாவால் குறியிட்டு, விரித்து அளங்கள். நூல் 250 மி.மீ. வந்தால் 5 சதவீதம் கழித்து 237 அல்லது 238 மி.மீ. பெல்ட் வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு விற்பனையாளர் உள்சுற்றளவைப் போடுவார், இன்னொருவர் விட்டத்தைப் போடுவார், மூன்றாமவர் பெல்ட்டைத் தட்டையாக மடித்து வைத்த நீளத்தைப் போடுவார். 238 மி.மீ. சுற்றளவு கொண்ட ஒரே பெல்ட்டை முதலாமவர் 238 என்பார், இரண்டாமவர் 76 என்பார், மூன்றாமவர் 119 என்பார். எந்தக் கணக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் அனுப்பாதீர்கள்.

தடிமனும் விளையாட்டுக் காரியமல்ல. மோட்டார் புல்லி 8 மி.மீ., ஃப்ளைவீல் 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.6 மி.மீ. தட்டை பெல்ட் இருந்த இடத்தில் 0.8 மி.மீ. பெல்ட்டைப் போட்டால் டேப் ஏறக்குறைய 2 சதவீதம் வேகமாக ஓடும். சின்னப் புல்லியின் மேல் தடிமன் கூடும்போது அதன் சுற்றளவு விகிதத்தில் அதிகம் ஏறுவதுதான் காரணம். பாட்டு கேட்பவர் காதுக்குச் சுருதி ஏறியது தெரிந்துவிடும். மோட்டாரின் பின்பக்கத் துளையிலோ போர்டிலோ உள்ள வேக ட்ரிம்மரை (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சிறு ரெசிஸ்டர்) திருப்பி இதைச் சரிசெய்யலாம். 3,000 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டேப்பை ஓட்டி, ஃபோனில் ஒரு ஃப்ரீக்வன்சி ஆப் வைத்துப் பார்த்தாலே போதும். பெல்ட் மிகவும் இறுக்கமாக இருந்தால் ட்ரிம்மர் உதவாது. மோட்டார் புஷ்ஷில் தேய்மானமும் பாட்டில் நடுக்கமும்தான் மிஞ்சும்.

பிஞ்ச் ரோலருக்கு (டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை) வெளிவிட்டம், அகலம், அச்சுத் துளை ஆகிய மூன்றையும் காலிப்பரில் எடுங்கள், உதாரணமாக 13 × 8 × 2 மி.மீ. ஐட்லர் டயருக்கு (ரீலைச் சுழற்றும் சக்கரத்தின் ரப்பர் வளையம்) பெரும்பாலும் தொழிற்சாலை ஓ-ரிங்கே பொருந்திவிடும்.

உடைந்த பிளாஸ்டிக் கியர்

பற்களை எண்ணுங்கள். வெளிவிட்டத்தை அளந்து, பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுங்கள். 30 பல், 16 மி.மீ. விட்டம் என்றால் 16-ஐ 32-ஆல் வகுக்க 0.5 வருகிறது. இதைத்தான் மாட்யூல் என்கிறார்கள். சிறு கியர்களில் 0.5 மாட்யூலை அடிக்கடி பார்க்கலாம். மாட்யூல், பல், துளை, தடிமன் தெரிந்துவிட்டால் பொம்மை மோட்டார் கியர் விற்பவர்களிடமே சில நேரம் கிடைக்கும். இல்லாவிட்டால் 3டி பிரிண்ட் செய்யக் கொடுக்கலாம். துளையை அச்சின் அளவுக்கே வைத்து இறுக்கி அடிக்காதீர்கள். பழைய கியர் நடுவில் வெடித்ததற்குக் காரணமும் பல நேரம் அந்த இறுக்கம்தான்.

கெப்பாசிட்டர்

கெப்பாசிட்டர் எல்லாக் காலத்திலும் கிடைக்கும் பாகம். ஆனாலும் இதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. எலக்ட்ரோலிட்டிக் வகையை (உருளை வடிவில் இருக்கும் கெப்பாசிட்டர்) வாங்கும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்டேஜ் அதே அளவு அல்லது சற்று அதிகம், வெப்பத் தாங்குதிறன் 105 டிகிரி என்று எடுங்கள். விட்டம், உயரம், கால் இடைவெளி மூன்றையும் அளந்த பிறகே ஆர்டர் போடுங்கள். 10 மி.மீ. விட்டக் கெப்பாசிட்டரின் கால் இடைவெளி வழக்கமாக 5 மி.மீ. இருக்கும். அந்த இடத்துக்கு 13 மி.மீ. கெப்பாசிட்டர் வாங்கினால், பக்கத்தில் உள்ள ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இடம் விடாது.

பழைய செட்டில் 50, 25, 500 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தால் இப்போதைய 47, 22, 470 சரியான மாற்று. அந்தக் காலக் கெப்பாசிட்டர்களின் துல்லியமே இந்த வித்தியாசத்தைவிட மோசம்.

ஸ்விட்ச் மோடு சப்ளையின் வெளியீட்டுப் பக்கத்தில் சாதாரண ரகத்தைப் போட்டால் சில மாதங்களில் மறுபடி உப்பிவிடும். அங்கே குறைந்த ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டரின் உள் மின்தடை) கொண்ட தொடர்தான் வேண்டும். டேட்டாஷீட்டில் (பாகத்தைத் தயாரித்தவர் தரும் விவரத்தாள்) 105 டிகிரியில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். 1,000 மணி, 5,000 மணி இரண்டும் ஒரே சைஸில் கிடைக்கின்றன, 5,000-ஐ எடுங்கள். வெப்பம் 10 டிகிரி குறையும்போது ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

இருபது வருடம் பெட்டியில் கிடந்த "புத்தம் புதிய பழைய ஸ்டாக்" எலக்ட்ரோலிட்டிக்கை வாங்காதீர்கள். ஓடாமல் கிடந்தாலும் உள்ளே ஆக்சைடு படலம் பலவீனமாகி, கசிவு கூடியிருக்கும்.

மெயின்ஸ் வரும் இடத்தில் எக்ஸ்2, ஒய்2 என்று பாதுகாப்பு வகுப்பை அச்சிட்ட கெப்பாசிட்டர் இருந்தால் அதே வகுப்பில்தான் மாற்ற வேண்டும். ஒய் வகைக் கெப்பாசிட்டர் மெயின்ஸுக்கும் நீங்கள் தொடும் உலோகப் பகுதிக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே சாதாரணக் கெப்பாசிட்டர் போட்டு அது ஷார்ட் ஆனால் செட்டின் மேல்தகட்டிலேயே கரண்ட் வரும்.

டிரான்சிஸ்டரும் ஐசியும்

ஜப்பான் டிரான்சிஸ்டர்களின் உடம்பில் முதல் இரண்டு எழுத்தை விட்டுவிட்டு அச்சிடுவார்கள். சி1815 என்று இருந்தால் அதன் முழுப்பெயர் 2எஸ்சி1815. 2எஸ்ஏ, 2எஸ்பி என்றால் பிஎன்பி, 2எஸ்சி, 2எஸ்டி என்றால் அதற்கு எதிர் வகையான என்பிஎன், 2எஸ்ஜே பி-சேனல் ஃபெட் (இன்னொரு வகை டிரான்சிஸ்டர்), 2எஸ்கே என்-சேனல் ஃபெட். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் விடாதீர்கள். சி1815-இல் ஒய் என்றால் கெயின் (கரண்டைப் பெருக்கும் மடங்கு) 120 முதல் 240 வரை, ஜிஆர் என்றால் 200 முதல் 400 வரை.

அதே எண் கிடைக்காவிட்டால் டேட்டாஷீட்டை எடுத்து வோல்டேஜ், கரண்ட், வாட், கெயின், ஃப்ரீக்வன்சி ஆகிய ஐந்தையும் ஒப்பிடுங்கள். சி1815 தாங்குவது 50 வோல்ட், 150 மில்லி ஆம்பியர். பிசி547 தாங்குவது 45 வோல்ட், 100 மில்லி ஆம்பியர். சிறு சிக்னல் இடங்களில் ஒன்றுக்கு மற்றொன்று ஓடும். ஆனால் கால்களைப் பாருங்கள். தட்டைப் பக்கம் உங்களை நோக்கி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். சி1815-க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ். அப்படியே செருகினால் செட் ஓடாது. கால்களை ஸ்லீவ் போட்டு வளைத்துத்தான் சால்டர் செய்ய வேண்டும். வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் ஐசியிலும் இதே பொறி உண்டு. 7805-க்கு உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு. 7905-க்கு கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு.

பவர் டிரான்சிஸ்டரில் போலி மிக அதிகம். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியும், சான்யோவின் எஸ்டிகே ஆம்ப் மாட்யூல்களும் போலி செய்பவர்களுக்குப் பிடித்தமானவை. உள்ளே சின்னச் சில்லை வைத்து, மேலே பெரிய எண்ணை அச்சிட்டுவிடுவார்கள். மீட்டரில் வைத்தால் நல்லதாகவே காட்டும், முழு வால்யூமில் வெடிக்கும். அசிட்டோன் தொட்ட பஞ்சால் அச்சைத் தேயுங்கள். எழுத்தோடு மேற்பூச்சும் கரைந்து வந்தால் அது மறு அச்சு. பழைய அசலையும் புதியதையும் அருகருகே வைத்து எடை, தகட்டின் தடிமன், வார்ப்புக் குழிகளின் இடம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். தயாரிப்பே நின்றுபோன பாகம் நூற்றுக்கணக்கில், அடிமாட்டு விலையில், ஒரே தேதிக் குறியோடு கிடைக்கிறதென்றால் நம்பாதீர்கள். தேதிக் குறி பெரும்பாலும் நான்கு இலக்கம். 9432 என்றால் 1994-ஆம் ஆண்டின் 32-வது வாரம்.

இப்போதும் தயாரிப்பில் உள்ள பாகங்களை டிஜி-கீ, மௌசர் போன்ற பெரிய விநியோகஸ்தர்களிடம் வாங்கினால் போலித் தொல்லை இல்லை. அவர்கள் தளத்தில் அளவுகளைக் கொடுத்து வடிகட்டும் வசதி, மாற்றுப் பாகம் தேடுவதற்கு மிகச் சிறந்த கருவி.

ஒரு ரக ஐசிக்கு மாற்றே கிடையாது. கண்ட்ரோல் மைக்ரோகன்ட்ரோலரில் அந்த மாடலுக்கென்றே எழுதிய புரோகிராம் உள்ளேயே பதிந்திருக்கும். அதே எண்ணில் காலிச் சில்லு வாங்கி எந்தப் பயனும் இல்லை. இதற்கும், செட்டுக்கென்றே செய்த ஃப்ளோரசன்ட் டிஸ்பிளேவுக்கும், இன்னொரு செட்டைப் பிரிப்பதுதான் வழி.

சிடி லென்ஸ்

லென்ஸ் யூனிட்டின் அடியில் அல்லது ஓரத்தில் எண் இருக்கும்: சோனியின் கேஎஸ்எஸ்-213 வரிசை, சான்யோவின் எஸ்எஃப்-பி101என் போன்றவை. இந்த யூனிட்கள் எண்ணற்ற பிராண்டுகளில் இருக்கின்றன. கடைசி எழுத்தும் பின் எண்ணிக்கையும் முக்கியம். எஸ்எஃப்-பி101என் 15 பின்னிலும் வருகிறது, 16 பின்னிலும் வருகிறது. ஒன்றின் கேபிள் மற்றொன்றில் ஏறாது. வாங்கும் முன் பழைய லென்ஸை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் அழுத்தாமல் துடைத்துப் பாருங்கள், பல நேரம் அத்தோடு வேலை முடிந்துவிடும்.

புதிய யூனிட்டின் சின்னப் போர்டில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு சொட்டு சால்டர் வைத்திருப்பார்கள். நிலைமின்சாரத்தில் லேசர் டயோடு போய்விடாமல் இருக்க அதை ஷார்ட் செய்து அனுப்புகிறார்கள். ஃப்ளாட் கேபிளைச் செருகிய பிறகு, எர்த் செய்த சால்டரிங் அயர்னால் அந்தச் சொட்டை எடுக்க வேண்டும். எடுக்காமல் ஓட்டினால் லேசரே எரியாது. புதிய லென்ஸே டெட் என்று முடிவு கட்டி, பலர் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஃப்ளாட் கேபிள் கிழிந்திருந்தால் பின் எண்ணிக்கை, பின் இடைவெளி (0.5 அல்லது 1 மி.மீ.), நீளம், இரு முனையின் தொடுபுள்ளிகளும் ஒரே பக்கமா எதிர்ப்பக்கமா என்ற நான்கும் தேவை.

எல்சிடி டிவி

டிவியின் மாடல் எண்ணை மட்டும் சொல்லி போர்டு வாங்கினால் பணம் வீண். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகைப் பேனல்கள் போட்டிருப்பார்கள். பவர் போர்டு, மெயின் போர்டு, டி-கான் (பேனலுக்குச் சிக்னல் கொடுக்கும் போர்டு) ஒவ்வொன்றின் மேலும் உள்ள எண்ணையும், பேனல் முதுகில் உள்ள ஸ்டிக்கர் எண்ணையும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள். வேறு பேனலுக்கான மெயின் போர்டு போட்டால் படம் தலைகீழாகவோ நிறம் மாறியோ வரும். பேக்லைட் பட்டைக்கு நீளம், எல்இடி எண்ணிக்கை, ஒரு எல்இடிக்கு 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்பதைச் சொல்லுங்கள். ஒரு பட்டை போனாலும் முழு செட்டாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் திரையில் ஒரு கோடு மட்டும் பளிச்சென்று தெரியும்.

இன்னொரு செட்டைப் பிரித்து எடுப்பது

பழைய சாமான் கடைகளிலோ ஏலத் தளங்களிலோ அதே செட்டை வாங்கி, பாகம் எடுக்கலாம். ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள்: உங்கள் செட்டில் உள்ள பழுது அதில் இருக்கக் கூடாது. லென்ஸ் வேண்டுமென்றால் டிஸ்பிளே உடைந்த செட்டை வாங்குங்கள். டிஸ்பிளே வேண்டுமென்றால் சிடி படிக்காத செட்டை வாங்குங்கள். "ஆன் ஆகவில்லை, மற்றபடி நல்ல நிலை" என்று விற்பவர் சொன்னால் எந்தப் பாகமும் சோதிக்கப்படவில்லை என்றுதான் பொருள். பிராண்டு வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே தயாரிப்பாக இருக்கலாம். ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்தும்வரை பல பிராண்டுகளுக்கு விசிஆர் செய்து கொடுத்தது. பல டேப் செட்களில் இருப்பது டனாஷின் நிறுவனத்தின் மெக்கானிசமோ அதன் நகலோதான். மூடியைத் திறந்த படங்களை ஒப்பிட்டால் இந்த உறவு தெரிந்துவிடும்.

இந்த வழியில் எடுக்கவே கூடாதவை ரப்பர், எலக்ட்ரோலிட்டிக், பேட்டரி மூன்றும். அவையும் அதே வயதுதான்.

பாகம் வந்த பிறகு

சால்டர் செய்யும் முன்பே மீட்டரில் சோதித்து, பழையதோடு அளவு பாருங்கள். பவர் பகுதியில் மாற்றியிருந்தால் நேராக மெயின்ஸில் போடாதீர்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்து ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது, முழு வெளிச்சத்தில் நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. அவுட்புட் டிரான்சிஸ்டர் போன ஆம்ப்ளிஃபயரில் அதை ஓட்டும் டிரைவரையும், எமிட்டரில் உள்ள 0.22 அல்லது 0.47 ஓம் ரெசிஸ்டர்களையும் அளக்காமல் புதியதைப் போட்டால், வாங்கிய ஜோடி முதல் ஆனிலேயே போய்விடும்.

எடுத்த பழைய பாகத்தை உடனே எறியாதீர்கள். செட் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக ஓடி முடிக்கும்வரை, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி ஒட்டி வைத்திருங்கள். வந்தது தவறான பாகம் என்று தெரிந்தால், மறுபடி அளக்க அது ஒன்றுதான் இருக்கும்.